ஒரகடத்துக்கு வந்த பலாமரக் கிட்டார்

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆளை இறக்கிவிட்டுப் போன பிறகு, மாத்தூரிலோ வல்லத்திலோ ஒரகடம் கூட்டுரோட்டை ஒட்டிய தெருக்களிலோ நடந்தால் மொட்டை மாடிகளில் கிட்டார் கேட்கிறது. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்து, ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் பையன்கள் வாசிக்கிறார்கள். போனில் பார்த்து, போனிலேயே பணம் கட்டி, அட்டைப்பெட்டியில் வாசலுக்கு வந்து சேர்ந்த கிட்டார்கள் அவை. மூவாயிரமோ நாலாயிரமோ இருக்கும். ஒரு மாத ஓவர்டைம் பணத்தில் அடங்கிவிடும். கேட்கச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனாலும் என் வயதை ஒத்தவர்கள் அந்தத் தெருவில் கூடவே நடந்து வந்தால், ஒரு கிட்டாருக்காக நாம் எத்தனை வருஷம் காத்திருந்தோம், எவ்வளவு தூரம் போனோம் என்று பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

எங்கள் சின்ன வயதில் ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் கோயில், பெரிய ஏரி, சித்திரைத் திருவாதிரை உற்சவம், காஞ்சிபுரத்துக்கும் பூந்தமல்லிக்கும் போகிற பஸ், அவ்வளவுதான். ஒரகடத்தில் பஸ் நின்றால் வல்லக்கோட்டை முருகனுக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்லும் வேர்க்கடலையும் ஏரிக்கரைப் பனையும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது, அதில் வரும் நிலாப் பாட்டின் கிட்டாரை டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, டீ ஆறிப்போவது தெரியாமல் நின்ற பையன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இதைப் படிக்கிறவர்களிலும் சிலர் நின்றிருப்பீர்கள். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர் இளையராஜா என்பது பின்னாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கிராமத்துப் பையனுக்கும் அந்த வாத்தியம் வசப்படும் என்கிற தைரியத்தை, அவர் யாரென்று முழுசாகத் தெரியாத காலத்திலேயே அவர் பாட்டு கொடுத்துவிட்டது.

தைரியம் இருந்தது, கிட்டார் இல்லை. அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் மவுன்ட் ரோடு போக வேண்டும். 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கி, பிறகு மியூசி மியூசிக்கல் ஆன அந்தப் பழைய கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பியானோவையும் வயலினையும் தாண்டிக் கிட்டார் வரிசையில் கண்ணை வைத்திருப்பது, சென்னைக்கு வரும் ஒவ்வொரு சாக்கிலும் நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட விருந்து. உள்ளே போனால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கையில் பஸ் காசு மட்டும் இருக்கும்போது அந்த வாசற்படி உயரமாகத் தெரியும். வீடு திரும்புகிற பஸ்ஸில், பூந்தமல்லி தாண்டி விளக்குகள் குறைந்து காற்று குளிரத் தொடங்கும்போது, மடியில் இல்லாத கிட்டாருக்கு இடது கை விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். அந்த ஏக்கத்தில் ஓர் இன்பம் இருந்தது. இன்றைய பையன்களுக்கு அது கிடைக்காமல் போனதற்காக வருந்துவதா, அந்தச் சிரமம் இல்லாமல் போனதற்காக மகிழ்வதா என்று இன்னும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதற்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனிகள் சிப்காட் முழுக்க முளைத்தன. பாலிடெக்னிக் முடித்து, வேலைக்கு அம்பத்தூருக்கோ ஓசூருக்கோ போக வேண்டும் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் வேலை கிடைத்தது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கையில் வந்தன. நூறு பாகம் செய்தால் நூறும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், நூறாவது முதலாவதைவிட ஒரு மயிரிழை பிசகினாலும் அது கழிவு என்று கற்றுக்கொண்டோம். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது, இன்றும் பிடிக்கும். சம்பளம் வந்தது, தங்கை கல்யாணம் வந்தது, வீட்டுக்குத் தளம் போட வேண்டி வந்தது. கிட்டார் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

இப்படித் தள்ளிக்கொண்டே போனது கடைசியில் கைக்கு வந்தது, கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸில்.

கம்பெனி வேலையாக என்னைச் செபுவுக்கு அனுப்பினார்கள். செபு நகரத்துக்கு எதிரே, பாலத்தால் இணைந்த சிறு தீவு மக்தான். 1521-ல், மேற்கே கடல்வழி தேடிப் புறப்பட்ட மெகல்லன் இறந்துபோனது அந்தக் கரையில்தான். அவரை எதிர்த்து நின்ற தலைவன் லாப்பு-லாப்புவின் பெயரைத்தான் இன்று அந்த ஊர் தாங்கியிருக்கிறது. விமான நிலையமும் அங்கேதான். 1979-ல் ஏற்படுத்திய மக்தான் ஏற்றுமதி மண்டலமும் அங்கேதான். மண்டலத்தின் வாசலில் காலையில் போய் நின்றபோது எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. அதே அடையாள அட்டை, அதே நீல நிறச் சீருடை, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அதே கூட்டம், வாசலுக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் விற்கிற அதே அம்மாக்கள். உலகத்தின் எந்த மூலைக்குக் கைக்கடிகாரம் போனாலும் பொம்மைக் கார் போனாலும், அதைப் பூட்டியவர்கள் இப்படி வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனவர்கள்தான்.

உள்ளூர்க்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கிட்டார் ஆசையைச் சொன்னேன். "அதற்கு ஏன் செபு மால்களுக்குப் போகிறாய்? அபுனோவுக்குப் போ, செய்கிற இடத்திலேயே வாங்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஜீப்னி என்கிற உள்ளூர் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். அந்தத் தீவின் கிட்டார்த் தொழில் பெயர்பெற்றது. அபுனோவில் உள்ள அலெக்ரே பட்டறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் தெரியும். ஸ்பானியர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டபோது விட்டுப்போன வாத்தியத்தை, அவர்கள் போன பிறகும் தங்களுடையதாக வைத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். நான் நுழைந்தது பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சிறு பட்டறை. தகரக் கூரை, தரை முழுக்க மரச்சுருள், சுவரில் வரிசையாக மாட்டிய, இன்னும் கழுத்து ஒட்டாத கிட்டார் உடல்கள்.

ஒரு பெரியவர் பக்கப் பலகையை வளைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய பலகையை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயில் வைத்து அழுத்துகிறார், ஆவி பறக்கிறது, மரம் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கி இடுப்பு வளைவுக்கு வருகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு அளவு எதுவும் இல்லை. கை சொல்கிறது, நிறுத்துகிறார். பலகையின் நிறத்தைப் பார்த்தேன். மஞ்சள். எனக்குத் தெரிந்த மஞ்சள். என்ன மரம் என்று கேட்டேன். கொல்லைப் பக்கம் கை காட்டினார். அங்கே அடிமரத்தில் காய் தொங்க நின்றுகொண்டிருந்தது ஒரு பலா.

அந்த நிமிஷம் எனக்கு நேர்ந்த சிலிர்ப்பைத் தஞ்சாவூர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள். வீணையின் குடமும் தண்டியும் பலாமரம். ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. மிருதங்கத்தின் கட்டை பலா, தவிலும் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குப் பழத்தால் வந்த பேர் பாதி என்றால், வாத்தியம் செய்கிறவர்களிடம் மரத்தால் வந்த பேர் மீதி. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் வேலைப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் மரத்தை நினைத்துக்கொண்டேன். நடுவில் இவ்வளவு கடல் இருக்க, இரண்டு கரையிலும் யாரோ ஒருவர் அதே மரத்தைத் தட்டிப் பார்த்து, இது பாடும் என்று கண்டுகொண்டிருக்கிறார்.

அங்கே எல்லாப் பாகமும் பலா இல்லை. முகப்புப் பலகை குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ். அது வாங்கி வந்த மரம். விரல் நடமாடுகிற பலகைக்கு அந்த நாட்டுக் கருங்காலி. நல்ல விலைக் கிட்டார்களுக்கு உலகம் முழுவதும் எந்த மரத்தைத் தேடுகிறார்கள் என்று பேச்சு வந்தபோது பெரியவர் சொன்ன பெயர் என்னை நிமிர வைத்தது: இந்திய ஈட்டி. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். 1960-களின் கடைசியில் பிரேசில் தன் ஈட்டிக் கட்டைகளை வெளியே விடுவதை நிறுத்திய பிறகு, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஸ்பெயினிலும் அதே கதைதான். நீலகிரி, வயநாட்டுப் பக்கம் வளர்ந்த மரம் கப்பலேறிப் போய், கிட்டாராகி, நம்மால் தொட முடியாத விலையோடு மவுன்ட் ரோடு கண்ணாடிக்குப் பின்னால் திரும்பி வந்து நின்றிருக்கலாம். சின்ன வயதில் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்ற பையனுக்கு, உள்ளே நிற்பது தன் ஊர் மரம் என்று யாராவது சொல்லியிருந்தால் வாசற்படி அத்தனை உயரமாகத் தெரிந்திருக்காது.

கழுத்தில் பதிக்கிற மெட்டுகளின் தூரத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன், தொழில் புத்தி. பெரியவர் ஒரு பழைய மரச்சட்டத்தை எடுத்துக் காட்டினார். அதில் கோடுகள் வெட்டியிருந்தன. அப்பா கொடுத்த சட்டம் என்றார். கணக்குப்படி பார்த்தால், தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். மிச்சமிருக்கிற நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 650 மில்லிமீட்டர் தந்தி என்றால் முதல் மெட்டு முப்பத்தாறரை மில்லிமீட்டரில் விழும். பன்னிரண்டாவது சரியாக 325-ல், தந்தியின் நட்டநடுவில். நான் பையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். சட்டம் பிசகவில்லை. வகுத்தல் கணக்கு எதுவும் போடாமல், தலைமுறை தலைமுறையாக ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்குப் பெயர்த்துப் பெயர்த்தே அந்தத் துல்லியத்தை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் வீணையில் இது இன்னும் அழகு. தேன்மெழுகும் கரியும் கலந்து போட்ட படுகையில் இருபத்து நாலு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். அந்த வேலைக்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெழுகு இளகினால் மறுபடி கட்டலாம். கிட்டாரில் அறுத்த பள்ளத்தில் ஒருமுறை அடித்து இறக்கினால் இறக்கியதுதான்.

அப்போது பெசோவும் ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு. மனசுக்குள் மாற்றிக் கணக்குப் போடும் சிரமம் இல்லை. பெரியவர் சொன்ன விலை சில ஆயிரம். நான் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே ஒரு நைலான் தந்திக் கட்டையும் துணி உறையையும் எடுத்து மேலே வைத்தார், விலை குறையவில்லை. நாலைந்து கிட்டாரை மடியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். அங்கேதான் தொழிற்சாலைக்காரனுக்கு ஒரு புதுப்பாடம் கிடைத்தது. ஒரே பட்டறை, ஒரே மரம், ஒரே அளவு. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல். ஒன்று கீழ்த்தந்தியில் கனத்தது. ஒன்று மேலே கணீரென்றது. ஒன்று பிரகாசமே இல்லாமல், ஆனால் பேச ஆரம்பித்தால் விடாமல் பேசியது. வித்தியாசம் என்றால் கழிவு என்று பழகிய எனக்கு, வித்தியாசத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அன்றுதான் கிடைத்தது. விடாமல் பேசியதை எடுத்துக்கொண்டேன்.

தந்திகளைத் தளர்த்திக் கழுத்தைச் சட்டைகளால் சுற்றி, சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வீட்டுத் திண்ணையில் உறையைக் கழற்றியதும் அம்மா கேட்டாள்.

"இன்னாடா இது, வீணையா?"

"கிட்டாரும்மா."

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விவசாயி, ஆனால் சுற்றுவட்டாரத்தில் எங்கே கூத்து நடந்தாலும் விடிய விடிய மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து வந்தவர். கிட்டாரைப் புரட்டிப் போட்டார். முதுகில் விரல் மடக்கித் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு முறை தட்டினார்.

"பலா மரம்டா இது. மிருதங்கத்துக்குப் போடற மரம். இதுக்கா அவ்ளோ தூரம் போனே?"

"இங்க யாரும் செய்யலையேப்பா."

"ஏன், செய்யறதுக்கு இன்னா?"

அப்பா அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் எதிர்பார்க்காமல் மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

கற்றுக்கொள்வதும் அன்று சுலபமில்லை. சுருதி சேர்க்க ஒரு பிட்ச் பைப்; ஸ்ரீபெரும்புதூர் சர்ச்சில் வாசித்த ஓர் அண்ணன் ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்; நகலெடுத்து மங்கிப்போன கார்டு புத்தகம் ஒன்று நாலு வீட்டுக்குச் சுற்றும். ஒரு பாட்டின் கிட்டாரைப் பிடிக்க வேண்டும் என்றால் கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டி, நாடா தேயத் தேயக் கேட்க வேண்டும். இன்று மாத்தூர் மாடிப் பையன் போனைப் பக்கத்தில் வைத்தால் அதுவே சுருதி சொல்கிறது. எந்த விரல் எங்கே என்று படம் போட்டுக் காட்டுகிறது. வேகத்தைப் பாதியாக்கிக் கொடுக்கிறது. நான் ஆறு மாதத்தில் எட்டியதை அவன் ஆறு வாரத்தில் தாண்டுகிறான். அந்த வேகம் எனக்கும் கிடைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அதே சமயம், சர்ச் வாசலில் அண்ணனுக்காகக் காத்திருந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் கிடைத்த சிநேகிதங்களை எந்தப் போனும் தருவதில்லை.

ஊரும் இதே கலவைதான். 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது கிராமத்துப் பெண்பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பஸ்ஸேறியதைப் பார்த்துப் பூரித்தோம். 2014-ல் அது மூடியபோது அதே பிள்ளைகள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர், 2013-ல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஏரிகள் சுருங்கின, வேர்க்கடலைக் காடுகள் லாரி நிறுத்துமிடங்கள் ஆயின. 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கு ஒரே விடுதி திறந்தார்கள். நான் பிறந்தபோது எங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்தால்கூட அத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். விடிகாலையில் ஏரிப்பக்கமிருந்து கேட்ட நாரைச் சத்தம் போனது.

மக்தான் கிட்டார் இன்னும் என்னோடு இருக்கிறது. ஸ்பெயினின் வறண்ட காற்றில் செய்த கிட்டார்கள் நம் ஊர் ஈரத்தில் உப்பிக்கொள்ளும் என்பார்கள். இது கடற்காற்றில் பிறந்தது, ஐப்பசி அடைமழையைப் பொருட்படுத்தவில்லை. வாங்கும்போது மஞ்சளாக இருந்த பலா, பலாவின் குணப்படியே வருஷத்துக்கு வருஷம் கறுத்து இப்போது ஆழ்ந்த பழுப்பு. மாடிப் பையன்களில் ஒருவன், அசாம்காரன், இதை வாங்கி வாசித்துவிட்டு, "எங்கே ஆர்டர் பண்ணீங்க அங்கிள்?" என்று கேட்டான். பட்டறையைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் பலகையை வளைத்த விதத்தைக் கையால் செய்து காட்டினேன். அவன் தன் கிட்டாரைத் திருப்பி உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். மாடல் எண் இருந்தது.

அவனுடைய கிட்டாரை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஒரு தொழிலாளியின் ஓவர்டைம் பணத்துக்கு ஒரு வாத்தியம் கிடைக்கிறது என்பது எங்கள் தலைமுறை கனவு கண்ட விஷயம். அதைச் சாத்தியமாக்கியது எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொண்ட அதே நூற்றுக்கு நூறு ஒழுங்குதான். ஆனால் மக்தானில் ஏற்றுமதி மண்டலமும் கிட்டார்ப் பட்டறையும் ஒரே தீவில் இருந்தன. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை. அங்கே கண்டதில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

நம் தொழிற்பேட்டைகளில் எஃகை மைக்ரான் கணக்கில் இழைக்கத் தெரிந்த பல்லாயிரம் கைகள் இருக்கின்றன. பண்ருட்டி ஒருபுறம் பலா வைத்திருக்கிறது. தஞ்சாவூர் ஒருபுறம் வித்தையை வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறையில் உளி பிடிக்க யார் வருவார்கள் என்று காத்திருக்கிறது. ஒரு ஐ.டி.ஐ.யில், ஃபிட்டரும் டர்னரும் சொல்லிக்கொடுக்கிற அதே கொட்டகையின் ஓரத்தில், இரண்டு மேஜை போட்டு மரவாத்தியம் செய்யச் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் வருஷம் செய்வது சுமாராகத்தான் இருக்கும், இருக்கட்டும். பயிற்சிக்காகக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போகிற நம் பிள்ளைகள் வேலை முடிந்த ஞாயிறுகளில் மாலுக்குப் போகாமல், கையால் செய்கிற தெரு ஒன்று எங்கே என்று விசாரித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். செய்யறதுக்கு இன்னா என்று அப்பா கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு யோசித்தால், மரம், கை, கணக்கு, வாங்க ஆள் என்று எல்லாமே இங்கே இருக்கிறது. யாராவது ஒருவர் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. தொடங்குகிறவருக்கு அளவெடுக்க என் கிட்டாரைக் கொடுக்க நான் தயார்.